கரும்பலகையில் நடந்த கடற்சண்டை

எங்கள் சரித்திர மாஸ்ரர் பாடத்திட்டத்தைப் பெரிதாக மதித்தவர் இல்லை. ஆங்கிலேயர் இலங்கைக்கு வந்த கட்டத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, கரும்பலகையில் கன்னியாகுமரியையும் எங்கள் தீவின் தென்மேற்குக் கரையையும் கீறினார். நடுவில் இரண்டு பாய்க்கப்பல்கள். 1808 மார்ச்.

பிரெஞ்சுக்காரரின் பியெமோந்தேஸ், கிழக்கிந்தியக் கம்பனியின் மூன்று கப்பல்களுக்குக் குறிவைத்திருந்தது. காலித் துறைமுகத்திலிருந்து பம்பாய்க்குப் போய்க்கொண்டிருந்த ஆங்கிலேயரின் சான் பியோரென்சோ குறுக்கே விழுந்தது. அதுவும் பிரெஞ்சுக்காரர் கட்டிய பிரிகேட் வகைப் போர்க்கப்பல்தான்; கோர்சிக்காத் தீவில் சான் பியோரென்சோ என்ற ஊரடியில் மூழ்கிக் கிடந்ததை 1794இல் ஆங்கிலேயர் கிளப்பி, அந்த ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். அதன் கப்டன் ஹார்டிஞ்சுக்கு வயது 26. "உங்கட அண்ணன்மாரின்ர வயசு" என்றார் மாஸ்ரர்.

சண்டை மூன்று நாள் இழுபட்டது. 6ஆம் திகதி நள்ளிரவு நெருங்கும் நேரம் பத்து நிமிடம் சுட்டுவிட்டுப் பிரெஞ்சுக் கப்பல் விலகியது. மறுநாள் காலை இரண்டு மணித்தியாலம் அளவில் திரும்பவும் அடிபட்டார்கள். பிரெஞ்சுக்காரர் பாயையும் கயிற்றையும் பார்த்துச் சுடுவார்கள், ஆங்கிலேயர் கப்பலின் உடம்பைப் பார்த்துச் சுடுவார்கள். மாஸ்ரர் சோக்கட்டியால் ஒரு கப்பலின் கயிறுகளை ஒவ்வொன்றாக வெட்டினார். மற்றதன் விலாவில் டக்டக்கென்று குத்தினார். கயிறு அறுந்த சான் பியோரென்சோவால் துரத்த முடியவில்லை. திருத்தி முடித்து, 8ஆம் திகதி பின்னேரம் திரும்பவும் பிடித்தது. தொடக்கத்திலேயே சிதறுகுண்டு பட்டு ஹார்டிஞ் விழுந்தார். லெப்டினன்ட் டோசன் பொறுப்பெடுத்தார். ஒரு மணி இருபது நிமிடத்தில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. ஆங்கிலேயர் பக்கம் 13 பேர் செத்தார்கள், மற்றப் பக்கம் 48. ஹார்டிஞ்சைக் கொழும்பில் அடக்கம் செய்தார்கள்.

இதெல்லாம் சோதனைக்கு வராது என்று முன்வாங்குக்காரர் முணுமுணுத்தார்கள். வரவும் இல்லைத்தான்.

அப்புறம் மாஸ்ரர் கேட்டார்: "சரி, பிரெஞ்சுக் கப்பலில பாய் இழுத்தது ஆர்?" வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. லஸ்கர்கள். ஏறக்குறைய 200 ஆசியக் கடலோடிகள். வெள்ளைக்காரர் இருவர் அடிபட, நடுவில் கயிறு பிடித்து நின்றவர்கள். கப்டன்மாரின் பெயரை அவர் இரண்டு தரம் சொன்னார். இவர்களில் ஒருவரின் பெயரையும் சொல்ல முடியவில்லை என்று அவருக்குக் கோபம். எனக்கு அந்தப் பாடத்தில் பிடித்தது அந்தக் கோபம்தான்.

லண்டனில் சென் போல்ஸ் பேராலயத்தில் ஹார்டிஞ்சின் நினைவுச் சின்னம் இருக்கிறது. கல்பேழைக்குப் பக்கத்தில் ஓர் இந்தியனைச் செதுக்கி இருத்தி, கையில் ஆங்கிலக் கொடியையும் கொடுத்திருக்கிறார்கள். மாஸ்ரர் அதைக் கண்டிருந்தால் அடுத்த பாடவேளை கணக்கு வாத்தியாருக்குக் கிடைத்திராது.