ஆல்டர்னேட்டர் ஒயரில் கை வைக்கும்முன் எர்த்தைக் கழற்றுங்கள்

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் வண்டியை வெளியில் நிறுத்துகிறவர்கள் பானட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் ஒரு தடவை பாருங்கள். கறுப்பு ரப்பர் மூடியை விலக்கினால் நட்டைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருக்கும். உப்புக்காற்றில் செம்பு அரிக்கிற வேலை அது. பேட்டரி நன்றாக இருந்தும் சார்ஜ் சரியாக ஏறவில்லை என்றால் இந்த இடத்தையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும், அதற்கு அந்த நட்டில் மாட்டியிருக்கும் தடித்த ஒயரைக் கழற்ற வேண்டும்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். சாவியை எடுத்தாயிற்று, வண்டி நின்றாயிற்று, இனி என்ன என்று நேராக ஸ்பேனரை மாட்டுவார்கள். மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் சொல்வார்: "அண்ணே, இது சாவி சொன்னா கேக்குற கரெண்ட் இல்லண்ணே." உண்மைதான். அந்த ஒயர் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து, பல வண்டிகளில் பெரிய ஃபியூஸ் ஒன்றின் வழியாக, நேரே வருகிறது, நடுவில் சாவிக்கு வேலையே கிடையாது. ஸ்பேனரின் ஒரு முனை அந்த நட்டிலும் மறுமுனை இன்ஜினிலும் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியாகப் பாயும், ஸ்பேனரே பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளலாம். கையில் மோதிரம், ஸ்டீல் வாட்ச் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள், கல்யாண மோதிரமானாலும் சரி.

அதனால் முதலில் கழற்ற வேண்டியது பேட்டரியின் மைனஸ், அதாவது எர்த். நம் ஊர் கார்கள் பலவற்றில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். மைனஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் பாடியும் மைனஸும் ஒன்றுதான். பிளஸ்ஸை முதலில் தொட்டால்தான் வம்பு. கழற்றிய முனை தானாகத் துள்ளி வந்து டெர்மினலில் உட்காராதபடி துணி சுற்றி ஓரமாக ஒதுக்கிவிட்டு, அப்புறம் ஆல்டர்னேட்டருக்குப் போங்கள். நட்டு இறுகியிருந்தால் முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். போல்ட்டும் கூடவே சுற்றினால் உள்ளே இருக்கும் இன்சுலேஷன் உடைந்து ஆல்டர்னேட்டரையே மாற்ற வேண்டி வரலாம். துருவுக்கான ஸ்பிரேயை அடித்துக் கொஞ்சம் பொறுத்திருந்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் சின்ன பிளக்கை ஒயரைப் பிடித்து இழுக்காமல் லாக்கை அழுத்தித்தான் எடுக்க வேண்டும்.

ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று சோதிக்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைப் பிடுங்கி, அது நிற்கிறதா என்று பார்ப்பது பழைய வண்டிக் காலத்துப் பழக்கம். இப்போதைய கார்களில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டர் டயோடும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசிஎம்மும் போய்விடலாம்.

பச்சையைத் தேய்த்து எடுத்து, நட்டை இறுக்கி, ரப்பர் மூடியைப் போட்ட பிறகு மைனஸைக் கடைசியாக மாட்டுங்கள். ஸ்டார்ட் செய்து பேட்டரி மேல் மீட்டரை வைத்தால் பெரும்பாலும் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டும். கடிகாரத்தைத்தான் திரும்ப வைக்க வேண்டியிருக்கும், ரேடியோவைத் திரும்ப இயக்க ரகசிய எண் உண்டென்றால் அதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.