ஹேண்ட் பிரேக்கை டைட் வைத்த பிறகு ஒரு சக்கரம் மட்டும் சுட்டால்

நம் பக்கம் ஹேண்ட் பிரேக்கை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி வரை போனாலும் மேடு என்று இருப்பது பாலத்து ஏற்றமும் ஆற்றங்கரைச் சரிவும்தான். கியரில் போட்டுவிட்டு இறங்கிவிடுகிறோம். ஆனால் அரசலாற்றுக் கரையில் ஏறுமுகமாக நிற்கும் வண்டியில் விதைநெல் மூட்டை ஏற்றும்போது பின்னால் நிற்பது நம் வீட்டு ஆள்.

மச்சான் தன் பழைய மினி வேன் கரையில் நழுவுகிறது என்று ஒரு பட்டறையில் காட்டினார். லீவருக்கு அடியில், பின்சக்கரங்களுக்குப் போகும் கேபிளை இழுத்துப் பிடிக்கும் நட்டை இறுக்கிக் கொடுத்தார்கள். பிடிப்பு கொஞ்சம் வந்தது. கூடவே வலது பின்சக்கரத்தில் தீய்ந்த வாடையும் வந்தது.

"டைட் அதிகமாயிட்டு போல. ரெண்டு சுத்து லூஸ் பண்ணி விட்டுடுங்க மச்சான்" என்று என்னிடம் வந்து சொன்னார்.

லூஸ் செய்தால் வாடை போகும், வண்டி மறுபடி நழுவும். அதனால் நட்டைத் தொடாமல் முதலில் ஓட்டிப் பார்த்தேன். நிறுத்தியதும் பின்சக்கரங்களின் இரண்டு டிரம்முக்கும் (சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பிரேக் உருளை) பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன் (தொடக் கூடாது, தோல் வெந்துவிடும்). வலதில் அனல் அடித்தது. இடது பக்கம் வெதுவெதுப்புகூட இல்லை. கேபிளை அதிகம் இறுக்கியது மட்டும்தான் கோளாறு என்றால் இரண்டு பக்கமும் சுட வேண்டும்.

முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினோம். நம் வண்டல் மண்ணில் ஜாக்கி புதையும், அடியில் கனமான பலகை போட்டே ஆக வேண்டும். ஸ்டாண்ட் கொடுக்காமல் வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது.

வலது சக்கரம் கையால் சுற்றக் கனத்தது. நட்டை முழுக்கத் தளர்த்தியதும் லேசாகச் சுற்றியது. அப்படியென்றால் இறுக்கம் கேபிளிலிருந்து வருகிறது. தளர்த்திய பிறகும் கனத்திருந்தால் டிரம்மைக் கழற்றி, உள்ளே பிரேக்கைத் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங், இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர், பெடலை மிதித்தால் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர் மூன்றையும் பார்த்திருப்பேன்.

நட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து மச்சானை லீவரை இழுக்கச் சொன்னேன். வலது கேபிள் நகர்ந்தது. இடது கேபிள் டிரம் பக்கத்தில் அசையவே இல்லை. உறை முனையில் ரப்பர் கிழிந்து, வயல் சேறு உள்ளே போய், கம்பி துருவேறி உறையோடு இறுகிவிட்டது. நுகத்தில் ஒரு மாடு படுத்துக்கொண்டால் மற்றதுதானே முழுப் பாரத்தையும் இழுக்கும்? வலது ஒன்றே வண்டியை நிறுத்தும் அளவுக்கு நட்டை இறுக்கியதால், லீவரை இறக்கிய பிறகும் அந்தப் பக்கத்து ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் வளைந்த துண்டு) டிரம்மை விட்டு விலகவில்லை.

எண்ணெய் விட்டுச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். கிழிந்த உறைக்குள் அடுத்த மழையில் மறுபடி தண்ணீர் இறங்கும். கேபிளை மாற்றுவதுதான் சரி.

மாற்றும்போது வரிசை முக்கியம். கேபிளைத் தளர்வாக விட்டுவிட்டு, டிரம்முக்குள் ஷூவைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். இந்த வண்டியில் பேக் பிளேட் (டிரம்முக்குப் பின்னால் உள்ள தகடு) ஓட்டை வழியாக அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தை நகர்த்தலாம். ஷூ உரசும் வரை திருப்பி, சக்கரம் தடையின்றிச் சுற்றும் அளவுக்குத் திரும்பத் தளர்த்தி, பெடலைச் சில முறை மிதித்து, மறுபடி சுற்றிப் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் லீவர் நட். ஷூ தேய்ந்திருக்க கேபிளை மட்டும் இழுத்துக் கட்டினால், டிரம்முக்குள் கேபிள் இழுக்கும் சின்ன லீவர் தன் இடத்துக்குத் திரும்பாது. தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் உள்ள வண்டியில் அதுவும் வேலை செய்யாமல் போகலாம். ஹேண்ட் பிரேக் லீவரை இழுக்கையில் எத்தனை கிளிக்கில் பிடிக்க வேண்டும் என்பது அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும், அதைப் பாருங்கள்.

இன்னொன்று: டிரம்மைத் திறந்தால் தூசியை வாயால் ஊதாதீர்கள். ஷூ மேல் ஒட்டியிருக்கும் பழைய லைனிங்குகளில் (டிரம்மில் உரசும் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

வேலை முடிந்ததும் கரைச் சரிவில் வண்டியை ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் நிறுத்திப் பார்த்தோம், கட்டையோடு ஒரு ஆள் பக்கத்தில் தயாராக நிற்க. இரண்டு பக்கமும் நின்றது. ஓட்டித் திரும்பிய பின் இரு டிரம்மும் ஒரே சூட்டில் இருந்தன.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த வண்டியையோ வாய்க்காலில் கழுவிய வண்டியையோ ஹேண்ட் பிரேக் போட்டு நாள்கணக்கில் விடாதீர்கள். லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் போதும். புதுக் கேபிள் ஆரம்பத்தில் சற்றுத் தளரும் என்பதால், சம்பா நடவு முடிந்ததும் வண்டியை ஒருமுறை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.