ஆறு தோட்டாக்களுக்கும் விளிம்பு சரிவந்துவிட்டது

நேற்று இரவு பத்தரைக்கு ஆறாவது கோதையும் (குண்டைத் தாங்கும் பித்தளைப் பகுதி) மரக் கட்டையில் இறக்கினேன். ஆறும் உரசாமல் சுழல்கின்றன. இரண்டு மாதமாக, தோட்டாவின் அடியில் வெளியே நீளும் இந்த விளிம்புக்காகத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: நான் செய்வது, பழைய பிரித்தானிய ரிவோல்வரான வெப்லியின் .455 தோட்டாக்களுக்குக் காட்சிப் பிரதிகள். கோதெல்லாம் கட்டிப் பித்தளை. மருந்தும் இல்லை, அதைப் பற்றவைக்கும் கேப்பும் இல்லை. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம் இருக்கும்வரை வெளிநாட்டுக்காரர்போல வீட்டில் தோட்டா நிரப்பிப் பார்க்க முடியாது, அதில் எனக்கு ஆசையும் இல்லை. எனக்குப் பிடித்தது அதன் உருவமும் வரலாறும்.

திட்டம் இதுதான். வெப்லியில் ஆறு அறைகள். .455 தோட்டாவும் மார்க் 1 முதல் மார்க் 6 வரை ஆறு வகையாக வந்தது. ஆகவே பலா மரத்தில் சிலிண்டர் வடிவில் ஒரு கட்டை, அதில் ஆறு துளை, ஒவ்வொன்றிலும் ஒரு மார்க். 1891இன் முதல் மார்க்கில் கோது நீளம், சுமார் 22 மில்லிமீற்றர். 1897இன் மார்க் 2இல் அதைக் குறைத்துவிட்டார்கள். 1898இல் வந்த மார்க் 3 தான் ‘மேன்ஸ்டொப்பர்’, முன்னும் பின்னும் குழி விழுந்த 218 கிரெய்ன் (எடை அளவு) குண்டு. மறுவருடம் ஹேக் மாநாட்டுப் பிரகடனம் வந்ததும் அதைப் போரில் பயன்படுத்த முடியாமல் போனது. மார்க் 4 தட்டை மூக்கு, 1912. மார்க் 5 அதே உருவம்தான், ஈயத்தில் அந்திமனி என்ற உலோகத்தைக் கூட்டிக் கடினமாக்கியது, 1914இல் வந்து அதே வருடத்திலேயே போய்விட்டது. மார்க் 6 உலோக உறையிட்ட குண்டு, 1939. வரிசையாக நிற்கவைத்தால் ஐம்பது வருடக் கதை ஒரு உள்ளங்கைக்குள் அடங்கும்.

சரி, விளிம்புக்கு வருகிறேன். ரிவோல்வர் தோட்டா அறைக்குள் விழுந்துவிடாமல் தொங்குவதே அந்த விளிம்பில்தான். வெப்லியை நடுவில் மடக்கித் திறந்தால், நட்சத்திர வடிவத் தகடு ஆறு விளிம்புகளையும் ஒரேயடியாகத் தள்ளி வெளியே வீசும். விளிம்பு பிசகினால் பிரதி என்று சொல்லவே கூசும். லண்டனில் இருக்கும் மச்சான் தன்னிடமுள்ள செயலிழந்த தோட்டா ஒன்றை மைக்ரோமீற்றரால் அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்: விளிம்பின் விட்டம் 13.6, தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கீழே, உடல் 12.2.

அதோடு வட்டக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. ஒரு வட்டத்தில் ஆறு துளைகளைச் சமமாகப் போட்டால், பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரம் அந்த வட்டத்தின் ஆரத்துக்குச் சமம். நான் ஆரம் 14 வைத்தேன். அப்படியானால் இரண்டு விளிம்புகளுக்கு நடுவே மிஞ்சுவது 0.4 மில்லிமீற்றர்தான். இரண்டு விளிம்பும் 13.8 ஆகி, துளைப்பானும் கொஞ்சம் விலகிவிட்டால் போதும், இரண்டு தோட்டாக்கள் முட்டிக்கொண்டு நிற்கும்.

முதலில் எல்லோரும் செய்வதுபோலத்தான் செய்தேன். கம்பியின் வெளி முனையில் உடலைக் கடைந்து, கடைசல் இயந்திரத்தில் கம்பியைப் பிடிக்கும் சக் பக்கம் விளிம்பை விட்டு, அதற்குப் பின்னால் வெட்டிப் பிரித்தேன். ஒன்பது துண்டுகள் வீண். வெட்டும்போது மெல்லிய விளிம்பு வளைந்து சாசர்போல ஆகிவிடும். ஒரு பக்கம் 0.7, மறுபக்கம் 1.1. கட்டர் திடீரென்று பித்தளைக்குள் பாய்ந்து, இரண்டு தடவை கம்பியே வளைந்துபோனது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கடைசல் பட்டறை. அங்குள்ள ஐயா நாற்பது வருடம் பம்ப் சாஃப்ட் கடைந்தவர். என் துண்டுகளை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, பித்தளைக்குக் கட்டரின்ரை மேல் முகத்தைச் சரிச்சுத் தீட்டாதேங்கோ. தட்டையா விடுங்கோ, இல்லாட்டி அது இழுத்துக்கொண்டு போகும்” என்றார். பிறகு, “தலையை முதல் முடியுங்கோ, வாயைக் கடைசியா வெட்டுங்கோ” என்றார். இந்த இரண்டு வாக்கியத்தில் என் இரண்டு மாதத் தொல்லை முடிந்தது.

இப்போது கம்பியின் வெளி முனையிலேயே தோட்டாவின் தலை, அதாவது விளிம்புள்ள அடிப்பக்கம். முகத்தைச் சீவி, 13.6க்கு இறக்கி, ஒரு மில்லிமீற்றர் விட்டு மெல்லிய கட்டரால் பள்ளம் போட்டு, அங்கிருந்து சக் பக்கமாக உடலை 12.2க்குக் கடைகிறேன். விளிம்புக்குப் பின்னால் கட்டிப் பித்தளை நிற்பதால் அது அசையவே அசையாது. பிறகு குண்டு வரும் வாய்ப்பக்கம் வெட்டிப் பிரிப்பு. அந்த முகம் அசிங்கமாக வந்தாலும் பரவாயில்லை, திருப்பிப் பிடித்துச் சீவலாம். திருப்பிப் பிடிக்க, நெடுக்காக ஒரு பிளவு போட்ட அலுமினிய வளையம் ஒன்று செய்தேன். விளிம்பு அதன்மேல் படிந்து உட்காரும், எல்லா நீளமும் விளிம்பிலிருந்தே அளக்கப்படும். அப்புறம் ஆறின் விளிம்பும் ஒரே அளவு, மில்லிமீற்றரில் நூறில் இரண்டு பங்குகூட வித்தியாசம் இல்லை. கையில் எடுத்து விளிம்பை நகத்தால் தடவினால் சுள்ளென்று ஒரு ஓரம் தட்டுப்படும். அந்த ஓரத்தை நான் எடுக்கப் போவதில்லை.

பித்தளை பழைய சோனகத் தெருவில் வாங்கினேன். 16 மில்லிமீற்றர் கம்பி, கிலோக் கணக்கு. ஒரு கடையில் சுலபமாகக் கடையும் ரகம் என்று சொல்லி வேறொன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள், சீவல் நீளநீளமாக நூல்போல வந்தது. நல்ல ரகம் உதிரியாகப் பொடிப்பொடியாய் உதிரும். வாங்கும்போதே ஓரத்தில் ஒரு அரம் போட்டுப் பாருங்கள். கேப்பின் நிறத்துக்கு மோட்டார் வைண்டிங் கடையில் கிடைத்த தடித்த செப்புக் கம்பியிலிருந்து சின்னச் சின்னச் சில்லு வெட்டித் தலையில் அழுத்தியிருக்கிறேன். பிரதி என்று தெரியவேண்டும் என்பதால் தோட்டா தயாரித்த கைனொக் நிறுவனத்தின் முத்திரையைப் போலச் செய்யாமல் மார்க் எண்ணை மட்டும் எண் குத்தும் பஞ்ச் கருவியால் குத்தி, பக்கவாட்டில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போடுகிறேன்.

கடல்காற்றுக்குப் பித்தளை இரண்டே நாளில் மங்குகிறது. அம்மா குத்துவிளக்குக்குச் செய்வதுபோலப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, உடனே உலர்த்தி, மெழுகு பூசினேன். பத்து நாளாக அப்படியே இருக்கிறது.

அடுத்த பெட்டிக்கு .38/200 என்ற ரிவோல்வர் தோட்டாவை எடுக்கலாம் என்று இருக்கிறேன். 200 கிரெய்ன் ஈயக் குண்டும், பின்னால் வந்த 178 கிரெய்ன் உறைக் குண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அழகாக இருக்கும். ஆனால் இந்த .455 குண்டுகளே இன்னும் முடியவில்லை. அலுமினியத்தில் கடைந்து, கோஸ்டிக் சோடாவில் சற்று ஊறவைத்து ஈய நிறத்துக்குக் கறுப்பாக்குகிறேன். மார்க் 1, 2, 4, 5 ஆகிய நான்கும் கட்டையில் இருக்கின்றன. மார்க் 3இன் மூக்குக் குழிக்கு உருண்டை முனைக் கட்டர் ஒன்று தீட்டவேண்டும், மார்க் 6க்கு உறையின் நிறத்துக்கு எந்த உலோகம் என்று இன்னும் தேடுகிறேன். அந்த இரண்டு துளைகளிலும் குண்டு இல்லாமல் கோதுகள் மட்டும் நிற்கின்றன.