கவரிங் லெட்டரில் கடலை மறைக்காதீர்கள்

ராமநாதபுரம் கடற்கரையில் தங்கச்சிமடத்திலோ தொண்டியிலோ டிகிரி முடித்த ஒரு பிள்ளை வேலைக்கு ரெஸ்யூமேயோடு அனுப்பும் கவரிங் லெட்டரைப் பாருங்கள். "கடின உழைப்பாளி, யாருடனும் ஒத்துப்போவேன், வாய்ப்புக் கொடுத்தால் திறமையை நிரூபிப்பேன்" என்று இருக்கும். லீவில் நண்டு கம்பெனியில் எடை போட்டது, அப்பாவின் படகுக்கு டீசல் கணக்கு எழுதியது, அம்மாவோடு கடல்பாசி வளர்க்கும் மிதவை கட்டியது எதுவும் இருக்காது. அதெல்லாம் வீட்டுப் பாடு, கம்பெனிக்காரனிடம் சொல்கிற விஷயமா என்ற கூச்சம். கடிதத்தில் வரவேண்டியதே அதுதான்.

முதலில், கடிதம் எங்கே தேவையில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு போன்றவற்றில் விண்ணப்பப் படிவம்தான் பேசும். அரசு ஆராய்ச்சி மையங்கள் திட்டப் பணிக்கு நேர்காணலுக்கு வரச் சொன்னால், அறிவிப்பில் கேட்ட படிவமும் சான்றிதழும் பிசகாமல் இருந்தால் போதும். தனியார் கம்பெனி, ஏற்றுமதி நிறுவனம், தொண்டு நிறுவனம், வளைகுடா வேலை, இங்கேதான் கடிதத்துக்கு மதிப்பு.

எழுத உட்காருவதற்கு முன் விளம்பரத்தைத் தாளில் எழுதி, அவர்கள் கேட்பதை அடிக்கோடிடுங்கள். தூத்துக்குடியில் ஒரு கடல் உணவு ஏற்றுமதி நிறுவனம் தரச் சோதனை உதவியாளர் கேட்கிறது என்று வையுங்கள். விலங்கியல் டிகிரி, வெப்பநிலைப் பதிவேடு எழுதத் தெரிய வேண்டும், எக்செல், இரவு ஷிஃப்ட். இந்த நான்கில் டிகிரி ரெஸ்யூமேயில் இருக்கிறது, அதைத் திரும்பச் சொல்ல வேண்டாம். வெப்பநிலைப் பதிவேட்டை ஏன் கேட்கிறார்கள் என்று யோசியுங்கள். ஐஸ் போடத் தாமதமானால் சூரை, கானாங்கெளுத்தி மீன்களில் ஹிஸ்டமின் என்ற நச்சு ஏறிவிடும், பிறகு எவ்வளவு குளிரவைத்தாலும் இறங்காது. உறைந்த சரக்கு மைனஸ் 18 டிகிரியில் நிற்க வேண்டும். பதிவேட்டில் ஒரு நாள் விட்டுப்போனாலும் வாங்குபவன் கேள்வி கேட்பான். அவர்களுக்கு வேண்டியது விடாமல் எழுதுகிற கை.

இப்போது இந்த இரண்டையும் பாருங்கள்.

"எனக்குத் தரக் கட்டுப்பாட்டில் மிகுந்த ஆர்வம் உண்டு. எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன்."

"இரண்டு கோடை விடுமுறையில் நண்டு பதப்படுத்தும் கூடத்தில் வேலை பார்த்தேன். வந்த நண்டின் எடை, வேகவைத்த நேரம், ஐஸ் பெட்டியின் வெப்பநிலை மூன்றையும் தினமும் பதிவேட்டில் எழுதினேன். மாதக் கடைசியில் அதை எக்செலில் ஏற்றிக் கொடுத்தேன்."

முதலாவதை யாரும் எழுதலாம். இரண்டாவதை அந்த வேலையைப் பார்த்தவர் மட்டும்தான் எழுத முடியும். படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

பாசி வேலையும் அப்படித்தான். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 20 கயிறு, கயிறுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி. ஒரு மிதவைக்கு 60 கிலோ விதை, 45 நாளில் அறுவடை. பத்து மிதவைக்கு விதை கணக்குப் போட்டு, ஆளைப் பிரித்து, அறுவடை நாள் குறித்தவர் மேற்பார்வையாளர் வேலைக்கு வேறென்ன சொல்ல வேண்டும்? எண்ணோடு எழுதுங்கள். செய்யாததை மட்டும் எழுதாதீர்கள். குடும்பத் தொழிலுக்குச் சான்றிதழ் இருக்காது, "குடும்பத் தொழிலில்" என்றே எழுதலாம். காசு கொடுத்து அனுபவச் சான்றிதழ் வாங்கினால் நேர்காணலின் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

வெளியூர்க்காரர்களுக்குச் சிலதை அரை வரியில் விளக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது பெங்களூரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. விசைப்படகு வேலையில் வருடாவருடம் இடைவெளி தெரிந்தால், காரணத்தைச் சொல்லிவிடுங்கள். வளைகுடாவிலிருந்து திரும்பி ஆறு மாதம் ஊரில் இருந்திருந்தாலும் ஒரு வரி போதும்.

அளவு ஒரு பக்கம், ஆங்கிலத்தில் 250 முதல் 300 சொல். முதல் பத்தியில் எந்த வேலை, விளம்பரத்தை எங்கே பார்த்தீர்கள், உங்களிடம் உள்ள மிகப் பொருத்தமான ஒன்று. நடுவில் மேலே சொன்ன சான்று, ஒன்றோ இரண்டோ. கடைசியில் எப்போது சேர முடியும், எங்கே தங்குவீர்கள். இந்தத் தங்கும் விஷயத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். முகவரியில் ராமேசுவரம் என்று பார்த்ததும் "இவ்வளவு தூரத்திலிருந்து எப்படி வருவார்" என்ற சந்தேகம்தான் முதலில் வரும். "வேலையிடத்துக்கு அருகிலேயே தங்கிக்கொள்வேன், 15 நாளில் சேர முடியும்" என்ற ஒரு வரி அதைத் தீர்த்துவிடும்.

அவர்கள் கேட்காவிட்டால் சம்பளத்தை எழுதாதீர்கள். அப்பா பெயர், மதம், ஆதார் எண், பாஸ்போர்ட் எண் எதுவும் கடிதத்தில் வேண்டாம். "ஐ ஹியர்பை டிக்ளேர்" என்ற உறுதிமொழிக்கும் இங்கே வேலையில்லை. வெறும் "ரெஸ்பெக்டட் சார்" வேண்டாம், படிப்பவர் ஒரு பெண் அதிகாரியாகவும் இருக்கக்கூடும். பெயர் தெரிந்தால் பெயர், இல்லையென்றால் "டியர் சார் ஆர் மேடம்". சாட்ஜிபிடியை ஆங்கிலப் பிழை திருத்த மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கடிதத்தையும் அதனிடம் விட்டால் எல்லோருடைய கடிதமும் ஒரே அச்சு. கம்பெனி பெயருக்கு விட்ட வெற்று அடைப்புக்குறியோடு அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு.

கடிதத்தை மெயிலின் உள்ளேயே ஒட்டுங்கள், ரெஸ்யூமேயை மட்டும் பிடிஎஃப் ஆக இணையுங்கள். கோப்புக்கு உங்கள் பெயரும் வேலையின் பெயரும் வையுங்கள், "நியூ ரெஸ்யூமே ஃபைனல் 2" வேண்டாம். தலைப்பு வரியில் வேலையின் பெயர், விளம்பர எண், உங்கள் பெயர். அனுப்புமுன் உங்கள் மெயிலுக்கே ஒருமுறை அனுப்பி, போனில் திறந்து பாருங்கள். பிடிஎஃப் திறக்கிறதா, போன் நம்பரில் பத்து இலக்கமும் சரியா, கம்பெனி பெயர் போன வாரம் அனுப்பிய கடிதத்திலிருந்து அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.