சுவரைத் தாண்டாத மருந்து

புதிய ஆன்டிபயாடிக் என்று பேச்சு வந்தாலே எனக்கு ஐசிப் என்கிற, நிறைய ஓட்டைகள் போட்ட சின்னப் பட்டைதான் முதலில் நினைவுக்கு வரும். மண்ணில் இருக்கும் பாக்டீரியாக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஆய்வகத் தட்டில் வளராது. சரி, மண்ணிலேயே வளரட்டும் என்று அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் முடிவு செய்தார்கள். மண்ணைத் தண்ணீரில் கரைத்து, ஓட்டைக்கு ஒரு செல் விழுகிற அளவுக்கு நீர்க்க வைத்து, பட்டையின் இரண்டு பக்கமும் சவ்வு ஒட்டி, மறுபடி மண்ணிலேயே வைத்துவிட்டார்கள். சத்து உள்ளே வரும், செல் வெளியே போகாது. 2015இல் அங்கிருந்து கிம் லூயிஸ் குழு வெளியிட்ட டெய்க்ஸோபாக்டின் என்ற ஆன்டிபயாடிக் அப்படிக் கிடைத்ததுதான்.

அது பிடிக்கிற இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பல மருந்துகள் பாக்டீரியாவின் ஏதோ ஒரு புரதத்தில் போய் ஒட்டும். மரபணுவில் ஒரு எழுத்து மாறினால் புரதம் மாறிவிடும், மருந்து நழுவிவிடும். இதுவோ செல் சுவர் கட்டத் தேவையான லிப்பிட் 2 என்ற கொழுப்பு மூலக்கூறையே பிடித்துக்கொள்கிறது, அதை அவ்வளவு சுலபமாக மாற்றிக்கொள்ள முடியாது. அந்த ஆய்வில் இந்த மருந்துக்கு எதிர்ப்பு பெற்ற பாக்டீரியா ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஆனால் கிராம் நெகட்டிவ் என்ற வகை பாக்டீரியாக்களிடம் இது எடுபடாது. அவற்றுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது, இவ்வளவு பெரிய மூலக்கூறு அதைத் தாண்டாது. மருத்துவமனைகளில் ஐசியூ நோயாளிகளைப் பாடாய்ப் படுத்தும் அசினெட்டோபாக்டர் அந்த வகைதான். 2024 தொடக்கத்தில் வெளியான ஜோசுராபால்பின் என்ற மருந்தைப் பற்றிய ஆய்வு அதனால்தான் எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்தது: அந்த மருந்து வெளிச்சவ்வுக்கு வேண்டிய பொருளை உள்ளேயிருந்து தூக்கிப் போகும் புரதங்களையே முடக்குகிறது, பொருள் உள்ளேயே தேங்கி பாக்டீரியா சாகிறது. அசினெட்டோபாக்டருக்கு மட்டும்தான், இருந்தாலும் பரவாயில்லை, குறிவைத்து அடிக்கிற மருந்து குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களை விட்டுவைக்கும்.

கண்டுபிடித்தால் மட்டும் போதாது என்பதுதான் என் ஆதங்கம். அக்கேயோஜன் என்ற நிறுவனத்தின் பிளாசோமைசினுக்கு 2018 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எதிர்ப்பு பெற்ற கிருமிகளுக்கு வேலை செய்கிற மருந்து, ஆனால் இப்படிப்பட்ட மருந்தை டாக்டர்கள் கடைசி ஆயுதமாகத்தான் எடுப்பார்கள், எடுக்கவும் வேண்டும், அப்புறம் விற்பனை எங்கிருந்து வரும்? அடுத்த ஏப்ரலிலேயே நிறுவனம் திவாலானது.