பாங்காக்கைத் தண்ணீரிலிருந்து பார்க்கணும்

பாங்காக் போகிறோம் என்றதும், ஏற்கெனவே போய்வந்தவர்கள் எல்லோரும் எங்களிடம் பேசியது டிராஃபிக்கைப் பற்றித்தான். அது நிஜம்தான். சுகும்வித் சாலையில் மாலை நேரத்தில் டாக்ஸி ஒரு சிக்னலைத் தாண்டுவதற்குள், பக்கத்து நடைபாதையில் நூடுல்ஸ் விற்கும் அம்மா நான்கைந்து பேருக்குப் பரிமாறி, கிண்ணங்களைக் கழுவியும் வைத்துவிடுகிறார். இரைச்சல், வெக்கை, வறுத்த பூண்டு வாசனை, ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட பைக் டாக்ஸிக்காரர்கள் கார்களுக்கு நடுவே நெளிந்து போவது, தலைக்கு மேலே கான்கிரீட் தூண்களில் ஓடும் பிடிஎஸ் ரயில் என்று எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணிலும் காதிலும் வந்து விழுகிறது. முதல் நாள் நண்பர்கள் யாருமே ஒழுங்காகப் பேசிக்கொள்ளவில்லை, ஆளாளுக்கு ஒரு திசையைக் காட்டி "அங்க பாருடா" என்பதோடு சரி.

அடுத்த நாள் காலையில் சேன் சேப் கால்வாய்ப் படகில் ஏறினோம். எனக்கு அந்த ஊர் பிடிபட ஆரம்பித்தது அப்போதுதான், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இது சுற்றுலாப் படகு இல்லை, ஆபீஸ் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் தினமும் போகிற நீளமான மோட்டார் படகு. துறைக்கு வந்ததும் ஒருவர் கயிற்றைக் கட்டையில் சுற்றி இழுத்துப் பிடிப்பார், அந்தச் சில நொடிக்குள் இறங்குகிறவர் இறங்கி, ஏறுகிறவர் ஏறிவிட வேண்டும். டிக்கெட் கொடுப்பவர் உள்ளே வருவதில்லை. படகின் வெளி விளிம்பில், ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலையில் ஹெல்மெட்டோடு நடந்து வருகிறார். ஹெல்மெட் எதற்கு என்று முதல் தாழ்வான பாலம் வந்தபோது புரிந்தது. சில படகுகளில் பாலத்துக்குத் தகுந்தபடி கூரையையே இறக்கிவிடுகிறார்கள், நாமும் தன்னால் குனிந்துவிடுகிறோம்.

எதிரே இன்னொரு படகு வந்தால் அலை எழும்பி உள்ளே தெறிக்கும். அதைத் தடுக்க இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் விரிப்பு உண்டு, ஓர இருக்கையில் இருப்பவர் கயிற்றை இழுத்தால் அது மேலே ஏறும். யாரும் யாரையும் கேட்பதில்லை. போனில் மூழ்கியிருந்த ஒரு பெண், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சரியான நொடியில் கயிற்றை இழுத்து, அலை அடங்கியதும் தளர்த்திவிட்டார். தனக்கு மட்டும் இல்லை, அந்த வரிசையில் இருந்த எல்லோருக்குமாக. அதற்கப்புறம் நான் அந்த ஊர்க் கூட்டத்தைப் பார்த்த விதமே மாறிப்போனது. தண்ணீர் கறுப்புதான், நாற்றமும் உண்டு, அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு கரையிலும் வீடுகளின் பின்பக்கம் திறந்து கிடக்கிறது. காயும் துணிகள், தொட்டிச் செடிகள், படியில் உட்கார்ந்து காலை உணவு சாப்பிடும் தாத்தா. பட்டு நெய்த சாம் முஸ்லிம்கள் (கம்போடியா, வியட்நாம் பக்கத்துப் பூர்விகத்தினர்) வாழும் பான் க்ருவா குடியிருப்பும் இந்தக் கரையில்தான் இருக்கிறது. அவர்களிடம் பட்டு வாங்கி உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அமெரிக்கர் ஜிம் தாம்சனின் தேக்கு வீடு அதற்கு எதிர்க் கரையில்.

இந்தக் கால்வாயை 1837-இல் தாய்லாந்து அரசர் மூன்றாம் ராமா காலத்தில் வெட்ட ஆரம்பித்தார்கள், கிழக்கே போருக்குப் படையையும் பொருளையும் அனுப்புவதற்காக. பாங்காக் தலைநகரானது 1782-இல். சரோன் க்ருங் என்ற முதல் நவீன சாலை வந்தது 1860-களில்தான், அதுவும் குதிரை ஓட்ட வழி வேண்டும் என்று ஐரோப்பியத் தூதர்கள் கேட்டதால். அதுவரை ஊரே தண்ணீரில்தான் போய்வந்தது. பிறகு சாலைக்காகப் பல கால்வாய்களைத் தூர்த்துவிட்டார்கள், இன்று வங்கிகள் நிறைந்திருக்கும் சீலோமில்கூட ஒரு காலத்தில் கால்வாய் ஓடியது. அப்படி யோசித்தால், சாலையில் அந்த ஊர் ஏன் இப்படித் திணறுகிறது என்பது எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

படகு கடைசியாக நிற்கும் இடம் பான்ஃபா. இறங்கினால் நடக்கும் தூரத்தில் பொன்மலை, வாட் சாகேத் கோயில். அது இயற்கையான மலை இல்லை. மூன்றாம் ராமா அங்கே பெரிய சேதி, அதாவது பௌத்த ஸ்தூபி, கட்டப் போக, சேற்று மண் தாங்காமல் சரிந்துவிட்டது. அந்தக் குவியலையே மலையாக்கி, ஐந்தாம் ராமா காலத்தில் உச்சியில் பொன் சேதியை முடித்தார்கள். ஏறும் வழியில் மணிகள் வரிசையாக இருக்கின்றன, நாமும் அடிக்கலாம்.

அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் மாபெரும் ஊஞ்சல். இப்போது ஊஞ்சல் இல்லை, வானத்தைப் பார்த்து நிற்கும் சிவப்புத் தேக்குத் தூண்கள் மட்டும். 1784-இல் முதலாம் ராமா முதன்முதலில் கட்டியது, சடங்குக்காக அதில் ஆடுவது 1935-இல் நின்றுபோனது. பக்கத்திலேயே தேவஸ்தான், தாய்லாந்து அரசவைப் பிராமணர்களின் கோயில். சிவனுக்கு, பிள்ளையாருக்கு, பெருமாளுக்கு என்று மூன்று சன்னதிகள். இவர்களுடைய திரியம்பவாய் – திரிபவாய் என்ற புத்தாண்டுச் சடங்கில் நம் மாணிக்கவாசகரின் திருவெம்பாவை இன்றும் ஓதப்படுகிறது, சடங்கின் பெயரை வைத்து ஆண்டாளின் திருப்பாவையும் ஓதப்பட்டிருக்கலாம் என்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வாய்வழியாக வந்ததில் உச்சரிப்பு மாறி, பொருளும் மறந்துபோய், ஆனாலும் விடாமல் ஓதுகிறார்கள். இதைப் படித்திருந்தேன், ஆனாலும் அந்த வாசலில் நின்றபோது தொண்டை அடைத்தது. கூட வந்த நண்பன் "ஆதியும் அந்தமும் இல்லா" என்று மெல்ல ஆரம்பிக்க, பாட்டி சொல்லிக் கேட்டதாம், நாலு வரி வரைக்கும் வந்தது.

சாப்பாட்டைப் பற்றித் தனியாக எழுதலாம். சைவக்காரர்களுக்கு ஒன்று மட்டும்: காய்கறிப் பொரியலிலும் மீன் சாஸ் இருக்கும், அதனால் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும் கடையைத் தேடுங்கள், அது சுத்த சைவம்.

இன்னொன்று. மாலை ஆறு மணிக்கு ரயில் நிலையங்களில் தேசிய கீதம் ஒலிக்கும், ஓடுகிற கூட்டம் அப்படியே நிற்கும், நீங்களும் நின்றுவிடுங்கள். காலை எட்டு மணிக்கும் அப்படித்தான்.

போகிறவர்கள் மால்களை முதல் நாளில் வைக்காதீர்கள். சேன் சேப் படகில் ஏறி, பிரதூனாம் துறையில் படகு மாறி பான்ஃபா வரை போங்கள், அங்கே இறங்கினால் பொன்மலையும் ஊஞ்சலும் தேவஸ்தானும் அரை நாளில் முடியும். படகில் ஓர இருக்கை கிடைத்தால், கயிற்றை இழுக்கும் பொறுப்பு உங்களுக்குத்தான்.