எலி மேல் விழுந்த பழி

“எலி சார். உங்க பக்கம் எல்லாம் வயல்தானே, எலி வயரைக் கடிச்சிருக்கும்.”

அடிக்கடி மக்கர் பண்ணும் என் பழைய காரோடு மூன்றாவது தடவையாக மன்னார்குடியிலிருந்து 39 கிலோமீட்டர் போய் நின்ற என்னிடம் தஞ்சாவூர் ஷோரூமின் சர்வீஸ் அட்வைசர் சொன்னது இது. பானட்டைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. எனக்கு ஆறு மா நிலம். தாத்தா காலத்திலிருந்து சம்பாவில் எலிக்கிட்டி வைக்கிற வீடு. எலி எதை, எப்படிக் கடிக்கும் என்று ஏசி ரூமில் உட்கார்ந்து எனக்கே பாடம் எடுக்கிறாரே என்று வந்த கோபத்தில்தான் இந்தக் கதை வேறு பக்கம் திரும்பியது.

வாங்கியதில் சிக்கல் எதுவும் இல்லை. 2024 ஆவணி. 2019 மாடல் பெட்ரோல் வண்டி, சென்னைப் பதிவு, ஒரே ஓனர், 4 லட்சத்து 35 ஆயிரம். புரோக்கரிடம் வாங்குவதைவிடக் கம்பெனி டீலரே நடத்தும் பழைய கார் பிரிவு நம்பகமானது என்று நினைத்து அந்தத் தஞ்சாவூர் ஷோரூமிலேயே வாங்கினேன். படிவம் 29, 30, ஆர்சி பெயர் மாற்றம் எல்லாம் அவர்களே முடித்துத் தந்தார்கள்.

மழை தொடங்கியதும் ஆட்டம் ஆரம்பித்தது. இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் மூன்றாம் நாள் காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக் டக் டக்’. தெருப் பையன்கள் தள்ளிவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். ஓடும்போது பின் கண்ணாடி தானாக இறங்கும். தீபாவளிக்கு முந்தின ராத்திரி 2 மணிக்கு, பூட்டி நிறுத்தியிருந்த வண்டி தானாக ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. நிறுத்தத் தெரியாமல் லுங்கியோடு ஓடிப்போய் பேட்டரி வயரைப் பிடுங்கினேன். அதற்குள் பத்து வீட்டில் விளக்கு எரிந்தது. எதிர்வீட்டு அத்தை திண்ணையில் நின்று, “யாருக்குடா என்ன ஆச்சு?” என்று கத்திக்கொண்டிருந்தார்.

முதல் நடையில் “பேட்டரி வீக்” என்றார்கள். எலக்ட்ரிக்கல் சாமான் வாரண்டியில் வராதாம், இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும்தானாம். பழைய பேட்டரியை எக்சேஞ்சில் எடுத்துக்கொண்டு புதிதுக்கு 5,800 ரூபாய் வாங்கினார்கள். ஜாப் கார்டு தரவில்லை, நானும் கேட்கவில்லை. என் முதல் முட்டாள்தனம் அது. டீ குடிக்கும் நேரத்தில் முடிகிற வேலையாக இருந்தாலும், நாம் சொன்ன குறை நம் வார்த்தையிலேயே எழுதிய ஜாப் கார்டு கையில் இல்லாமல் அந்த வாசலைத் தாண்டாதீர்கள். பிறகு “நீங்கள் அப்படி ஒரு குறையே சொல்லவில்லையே” என்பார்கள். என்னிடமும் சொன்னார்கள்.

இரண்டாவது நடையில் ஷோரூம் வரைக்கும்கூடப் போக முடியவில்லை. வடுவூர் ஏரிக்கரை தாண்டுவதற்குள் டேஷ்போர்டில் இருக்கிற அத்தனை விளக்கும் கார்த்திகை தீபம் மாதிரி எரிந்தது, வண்டி நின்றது. பின் சீட்டில் அம்மா. அவருக்கு மூட்டு வலி, இறங்கி நிற்கவும் முடியாது. அவரை ஒரு ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துப் போய் விட்டேன். ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். “செக் பண்ணிட்டோம் சார், எல்லாம் ஓகே. எங்ககிட்ட இருந்தவரைக்கும் ஒரு பிரச்சினையும் வரலை.” எப்படி வரும்? பேட்டரியை சார்ஜரில் போட்டு வைத்திருந்தார்களாம். அதை வாயில் காவலர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது நடையில்தான் எலி.

வீட்டுக்குத் திரும்பி, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் இருக்கிறார். டிராக்டர், லாரி, டவேரா எதுவும் பார்ப்பார். கடை என்று சொல்ல ஒரு தகரக் கூரைதான். அவர் பேட்டரியை அளந்தார், 12.6 வோல்ட். வண்டியைக் கிளப்பி அளந்தார், 14.1. “பேட்டரியும் நல்லாருக்கு, ஆல்டர்நேட்டரும் நல்லாருக்கு தம்பி. 5,800 தண்டம்” என்றார்.

அப்புறம் அவர் செய்ததை நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்தார். கதவு திறந்திருந்தாலும் வண்டி மூடியதாகவே நினைக்கட்டும் என்று கதவுப் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் திருப்பிவிட்டார். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்கப்போக நேரம் ஆகுமாம், அரை மணி நேரம் எதையும் தொடாமல் பீடி குடித்தார். அதற்கப்புறமும் மீட்டரில் 0.42. நிறுத்திய வண்டி 50 மில்லி ஆம்பியருக்குக் கீழேதான் இழுக்க வேண்டும், அதாவது 0.05. இது எட்டு மடங்கு. ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர்-ஹவர் போகிறது, என் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35 ஆம்பியர்-ஹவர். இரண்டு நாள் நின்றால் மூன்றாம் நாள் ஏன் கிளம்பவில்லை என்ற கணக்கு அந்த இடத்திலேயே நேரானது.

ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒன்றைப் பிடுங்கியதும் மீட்டர் 0.03க்கு விழுந்தது. அந்த ஃபியூஸின் வயர் டிரைவர் காலடியில் போகிறது. பிளாஸ்டிக்கைக் கழற்றி, தரை விரிப்பைத் தூக்கினார். குப்பென்று ஒரு வாடை, வாய்க்கால் வற்றினால் வருமே, அதே வாடை. கனெக்டரைப் பிரித்துக் காட்டினார். பல வருஷம் தேய்க்காத குத்துவிளக்கு மாதிரி ஒவ்வொரு பின்னிலும் பச்சைக் களிம்பு. வயரின் தோல் உரியாமல் இருந்தது. எலி கடித்தால் உளியால் செதுக்கியது போல இரட்டைப் பல் தடம் இருக்கும், துருவல் கிடக்கும், புழுக்கை கிடக்கும். அங்கே ஒன்றுகூட இல்லை. சீட்டுக்கு அடியில், அது முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்து போல்ட்டில் பவுடர் போல வண்டல் படிந்திருந்தது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுக்கச் சொன்னார். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மேல் ஒரு நிறம், கீழே ஒரு நிறம்.

“இது தண்ணியில நின்ன வண்டி தம்பி.”

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பெயின்ட்டையும் டயரையும் தட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த பெல்ட்டை ஒரு தடவை முழுசாக இழுத்துப் பாருங்கள். காசு செலவில்லை.

அன்று இரவு, வண்டியோடு கொடுத்த ஃபைலை முதன்முறையாக வரிவரியாகப் படித்தேன். இரண்டு சரக்கு கிடைத்தது. ஒன்று, பழைய ஓனரின் இன்சூரன்ஸ் பாலிசி, 2024 மார்ச்சில் புதுப்பித்தது. அதில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாமல் இருந்தால் கிடைக்கும் தள்ளுபடி, 0 சதவீதம். 2019இலிருந்து ஒரே ஓனர், கிளெய்ம் எதுவும் போடாதவராக இருந்தால் அங்கே 50 சதவீதம் இருக்க வேண்டும். பூஜ்ஜியம் என்றால் அதற்கு முந்தின பாலிசி வருஷத்தில் கிளெய்ம் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மிதந்தது அந்த வருஷத்துக்குள்தான் வருகிறது. அந்தத் தாள் மூன்று மாதமாக என் டேஷ்போர்டு பெட்டியிலேயே இருந்திருக்கிறது!

இரண்டாவது, அவர்களே சீல் போட்டுக் கொடுத்த பரிசோதனைத் தாள். ‘வெள்ளப் பாதிப்பு’ என்று ஒரு வரி, அதற்கு எதிரே ‘இல்லை’ என்று டிக்.

நான்காவது நடைக்கு மாமாவையும் அழைத்துப் போனேன். மேனேஜர் “உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்” என்று ஆரம்பித்தார். போட்டோக்களைக் காட்டினேன். மறுபடியும் எலி வந்தது. “சார், எலி கடிச்சிட்டுப் போகும். களிம்பு தடவி, வண்டல் தூவிட்டுப் போகாது” என்றேன். மாமா சிரித்துவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. “மேலிடத்தில் கேட்டுச் சொல்றோம்” என்றார். இரண்டு வாரம் போனது, யாரும் பேசவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். திருவாரூரில் வக்கீலாக இருக்கிற பங்காளி ஒருவர் சொன்ன விஷயம் அதைவிடப் பயன்பட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், தஞ்சாவூருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். “ஆனா முதல்ல ஒரு லெட்டர் போடு. கோபப்படாம எழுது. தேதி, நடை, தொகை, அவங்க டிக் போட்ட தாளோட நகல், அவ்வளவுதான்.” ஒரு பக்கத்துக்கு எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். 15 நாள் கெடு, தவறினால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்று கடைசி வரி.

பதினோராம் நாள் போன். அத்தனை நாள் “லைன்ல இருங்க” என்றவர்களிடமிருந்து, “அம்மா எப்படி இருக்காங்க சார்?” என்று தொடங்கியது பேச்சு.

வயரிங் செட்டை மாற்றித் தருகிறோம் என்றார்கள். எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கேட்டேன். “ஒரு இடத்துல களிம்பு பார்த்தோம். பார்க்காத இடம் எத்தனையோ?” என்றார். வண்டியே வேண்டாம் என்றேன். 3 லட்சத்து 75 ஆயிரத்தில் ஆரம்பித்து, மூன்று போன் கழித்து 4 லட்சத்து 20 ஆயிரத்துக்கு வந்தார்கள். வழக்குப் போட்டிருந்தால் முழுசும் வந்திருக்கலாம், ஆனால் எத்தனை வாய்தா? அறுவடை நெருங்குகிறது. பதினைந்தாயிரம் போகட்டும் என்று ஒத்துக்கொண்டேன். பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் படிவங்களில் கையெழுத்துப் போட்டேன். ஆர்சியில் என் பெயர் மாறியதா என்று அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் தினம் பார்த்தேன். பெயர் மாறாதவரை அந்த வண்டி எங்கே இடித்தாலும் நம் தலையில்தான் விடியும்.

வண்டியை விடப் போன அன்று பத்தாம் நம்பர் ஸ்பேனர் கொண்டு போயிருந்தேன். ஷோரூம் வாசலிலேயே பானட்டைத் திறந்து பேட்டரியைக் கழற்றினேன். அட்வைசர் ஓடி வந்தார். “சார், பேட்டரி இல்லாம எப்படி?”

“என் பழைய பேட்டரியை எக்சேஞ்சில எடுத்தீங்கள்ல, அதையே போட்டுக்கங்க. வாரண்டியில வராத சாமான், வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்.”

யூரியா சாக்கில் சுற்றி மன்னார்குடி பஸ்ஸில் காலடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டி, “என்ன, உரமா?” என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். இப்போது அது மச்சானின் ஆம்னியில் இருக்கிறது, ஒரே சாவியில் கிளம்புகிறது. இந்த மாதம் அம்மாவை அதில்தான் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனேன்.